துளைக்குள் போன சத்தம்: எங்கள் சோதனை அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறைக்கு வருகிற சாலையில், ஒரு பழைய நெல் குடோனில் எங்கள் சோதனை அறை இருக்கிறது. கிழக்கேயிருந்து நார் மில்காரர்கள் காயர் பலகையோடு, அதாவது தென்னை நார்ப் பலகையோடு வருவார்கள். மேற்கேயிருந்து வீடு கட்டுகிறவர்கள் வெட்டுக்கல்லோடும் கான்கிரீட் சந்தேகத்தோடும் வருவார்கள். நடுவில் பிராஜெக்ட் செய்யும் கல்லூரிப் பிள்ளைகள். மூன்று கூட்டமும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒருமுறை எழுதி வைத்துவிட்டேன்.

தட்டிப் பார்த்தாலே தெரியாதா? இதற்கு எதற்கு மெஷின்?

தெரியும். பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்காதவர் யார்? நன்றாக வெந்த பானை "டங்" என்று சொல்லும். விரிசல் இருந்தால் "டொக்" என்று சத்தம் அங்கேயே செத்துவிடும். விரிசலின் இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடுவதுதான் காரணம். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவர், இளநீர்க் குலையில் விரலால் சுண்டி வழுக்கையா முற்றலா என்று சொல்பவர் எல்லோரும் செய்வது இந்தச் சோதனையைத்தான்.

ஆனால் தட்டுவது மொத்தப் பொருளையும் ஒரே நேரத்தில் அதிர வைக்கிறது. வருகிற பதிலும் மொத்தப் பதில். பானை உடைந்ததா இல்லையா என்பதற்கு அது போதும். சுவரில் எந்த இடம், எவ்வளவு ஆழம், துளைகள் பெரியவையா சிறியவையா, ஒன்றோடொன்று திறந்திருக்கின்றனவா என்று கேட்டால் காதுக்குப் பதில் கிடைக்காது. என்ன அதிர்வெண்ணை உள்ளே அனுப்புகிறோம் என்பது நம் கையில் இருக்க வேண்டும், வெளியே வந்ததை எண்ணாக எழுதவும் வேண்டும். மெஷின் அதற்காகத்தான்.

நுண்துளைப் பொருள் என்றால் எதையெல்லாம் சொல்வீர்கள்?

செங்கல், வெட்டுக்கல், கான்கிரீட், காயர் பாய், பஞ்சு, ஃபோம், மண், எலும்பு, ரொட்டி. கண்ணாடியும் இரும்பும்தான் விதிவிலக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சொல் தகராறு உண்டு. மேஸ்திரி "ஓட்டை" என்பார், மலையாளத்தில் "ஓட்ட" என்பார்கள், நாங்கள் "நுண்துளை" என்று எழுதுவோம். சொல் எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தத் துளை மூடியதா திறந்ததா? மூடிய துளை எடையைக் குறைக்கும், அவ்வளவுதான். திறந்த துளைக்குள்தான் காற்றும் தண்ணீரும் சத்தமும் நடமாடும். தெர்மோகோல் முழுக்கத் துளைதான், ஆனால் எல்லாம் மூடியவை. சத்தத்தை உறிஞ்சும் என்று நம்பி அதைச் சுவரில் ஒட்டியவர்கள் ஏமாந்தது இதனால்தான்.

சத்தம் துளைக்குள் போனதும் என்னதான் ஆகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சத்தம் என்பது காற்று முன்னும் பின்னும் ஆடுவது. திறந்த வெளியில் அது சுகமாக ஆடும். ஒரு நார்க்கற்றைக்குள் புகுந்தால் முதல் சிக்கல் உரசல். நாரின் மேற்பரப்பை ஒட்டிய காற்று நகராது, ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடுத்த படலம் கொஞ்சம் நகரும், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். இப்படி இழுபடும் படலத்தின் தடிமன் 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், 1000 ஹெர்ட்ஸில் 0.07 மில்லிமீட்டர். துளையின் அகலம் இந்த அளவை ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கிற காற்று முழுவதும் உரசலில் மாட்டிக்கொள்ளும். துளை இதைவிட ரொம்பப் பெரிது என்றால் சத்தம் உரசாமலே போய்விடும். ரொம்பச் சிறிது என்றால் உள்ளே நுழையாமல் வாசலிலேயே திரும்பிவிடும்.

இரண்டாவது சிக்கல் வெப்பம். காற்று அமுங்கும்போது இம்மியளவு சூடாகும், விரியும்போது குளிரும். திறந்த வெளியில் அந்தச் சூடு எங்கும் போவதற்குள் அலை மாறிவிடும். இதைக் கணக்கில் எடுக்காததால்தான் 1687-ல் நியூட்டன் போட்ட ஒலி வேகக் கணக்கு உண்மையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாக வந்தது. 1816-ல் லாப்லாஸ் திருத்தினார். இங்கேதான் வேடிக்கை. குறுகிய துளைக்குள் சுற்றிலும் திடப்பொருள் இருப்பதால், குறைந்த அதிர்வெண் அலையில் காற்றின் சூட்டைச் சுவர் உடனே வாங்கிக்கொள்கிறது. அதாவது காற்றின் வெப்பநிலை மாறாது என்ற, திறந்த வெளியில் தப்பாய்ப்போன நியூட்டனின் அனுமானம் ஒரு காயர் பாய்க்குள் சரியாகிவிடுகிறது! கூடவே உரசலும் பிடித்து இழுப்பதால் அங்கே ஒலி இன்னும் மெதுவாகத்தான் போகும்.

மூன்றாவது, சுற்றுவழி. ஆழியாறிலிருந்து வால்பாறை பறவைக்குப் பக்கம்தான். பஸ்ஸுக்கு 40 கொண்டை ஊசி வளைவு. துளைகளும் அப்படி வளைந்து வளைந்து போனால், நேர்கோட்டில் அளக்கிற நமக்கு ஒலி தாமதமாக வந்ததாகத் தெரியும். அதிக அதிர்வெண்ணில் உரசல் படலம் மெலிந்துவிடும், வேகம் குறைவது பெரும்பாலும் இந்தச் சுற்றுவழியால் மட்டுமே என்றாகிவிடும். அதனால் மீயொலியை, அதாவது காதுக்கு எட்டாத அதிக அதிர்வெண் ஒலியை, ஃபோமுக்குள் அனுப்பி, தாமதத்தை அளந்து, வழி எவ்வளவு வளைந்தது என்று சொல்லலாம். நார்ப் பாயில் சுற்றுவழி எண் 1-ஐ ஒட்டியே இருக்கும், அதாவது ஏறக்குறைய நேர்வழி. மணலில் 1.5 வாக்கில் வரும். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வேகத்தை வகுக்க வேண்டும்: காற்றில் வினாடிக்கு 343 மீட்டராக இருக்கிற ஒலி வேகம் 280 ஆகிவிடும்.

குழாய்க்குள் வைத்துச் சோதிக்கிறீர்களே, அது என்ன?

இம்பிடன்ஸ் குழாய் என்று பெயர். 1866-ல் ஆகஸ்ட் குண்ட் கண்ணாடிக் குழாயில் பொடியைத் தூவி, ஒலியலையின் முடிச்சுகளில் பொடி குவிவதைக் காட்டினாரே, அதன் பேரன் என்று சொல்லலாம். ஒரு முனையில் ஸ்பீக்கர், மறு முனையில் உங்கள் மாதிரி, அதன் முதுகில் கெட்டியான இரும்புத் தட்டு. நடுவில் சுவரோடு சுவராக இரண்டு மைக். போகிற அலையும் திரும்பி வருகிற அலையும் இரண்டு மைக்கிலும் வெவ்வேறு விதமாகக் கலக்கும். அந்த வித்தியாசத்திலிருந்து எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது என்று பிரித்துவிடலாம். திரும்பாதது உறிஞ்சப்பட்டது.

கேட்க எளிது. எங்கள் அரை நாள் போவது மாதிரியை வெட்டுவதில்தான். குழாயின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர். காயர் பலகையை 99-க்கு வெட்டினால் ஓரத்தில் சந்து. அந்தச் சந்துக்குள் சத்தம் புகுந்து, பலகை உறிஞ்சாததையும் உறிஞ்சியதாகக் காட்டும். 101-க்கு வெட்டி அமுக்கித் திணித்தால் பலகை விறைத்து, வரைபடத்தில் இல்லாத மேடு ஒன்று எழும். நார் வேறு கத்திக்கு அடங்காது, பிசிறும். ஒரு மில்காரர் இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கேக் வெட்டற மாதிரி வெட்ட மாட்டீங்களா?" என்றார். கேக் தோற்றது, போங்கள்.

இந்தக் குழாயில் ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் அளக்க முடியாது. அதற்கு மேல் அலை நேராகப் போகாமல் குறுக்கிலும் ஆடத் தொடங்கும். மேலே போக வேண்டுமென்றால் சின்னக் குழாய் வேண்டும். இன்னொன்று, வெயில். எங்கள் கூரை தகரம். 20 டிகிரியில் 343 மீட்டராக இருக்கிற ஒலி வேகம் 38 டிகிரியில் 354. சித்திரை மாதத்தில் வெப்பநிலையைக் கணக்கில் போட மறந்தால் 3 சதவீதம் பிசகும்.

எங்கள் காயர் பலகை சத்தத்தை உறிஞ்சுமா? கண்ணாடிக் கம்பளிக்கு ஈடாகுமா?

உறிஞ்சும். ஈடாகுமா என்றால், கீச்சுக்குரலுக்கு ஆகும், பேஸுக்கு ஆகாது.

காரணம் நாரின் தடிமன். தென்னை நார் 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். கண்ணாடிக் கம்பளியின் இழை பெரும்பாலும் 0.01 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான். அதே எடையில் கண்ணாடிக் கம்பளியில் பல மடங்கு அதிக இழை, பல மடங்கு உரசல். தென்னை நாரின் இடையே காற்று தாராளமாகப் போய்வரும். வாயை வைத்து ஊதிப் பாருங்கள், உங்கள் மூச்சு அந்தப் பக்கம் கைக்குப் படும். காற்றோட்டத் தடை என்று நாங்கள் அளப்பது அதைத்தான். பொருளின் ஒலித் தன்மையைச் சொல்லும் முக்கியமான ஒற்றை எண் அதுதான். 1970-ல் டெலேனியும் பேஸ்லியும் நார்ப் பொருள்களுக்கு இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்தே ஒலித் தன்மையைக் கணிக்கும் சூத்திரம் கொடுத்தார்கள். இன்றும் முதல் கணக்குக்கு அதைத்தான் எடுக்கிறோம்.

என்ன செய்யலாம்? மூன்று வழி. ஒன்று, பலகையை நன்றாக அழுத்தி அடர்த்தி கூட்டுவது. இரண்டு, நாரோடு கொஞ்சம் பித், அதாவது நார்த்தூள், விடுவது. மில் வாசலில் மலையாகக் கிடக்கிற அதே பித்தான், அது சந்துகளை அடைக்கும். ஆனால் பசை அளவுக்கு மேல் போனால் துளையே மூடிவிடும். ரப்பர் பால் தெளித்த மெத்தைப் பலகைகளில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். மேலே பளபளவென்று ஒரு தோல் விழுந்திருக்கும், சத்தம் அதிலேயே திரும்பிவிடும். மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம்: சுவரில் ஒட்டாமல், பின்னால் இடைவெளி விட்டு மாட்டுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று ஆட முடியாது. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளிப்போனால்தான் ஆட்டம் அதிகம். 5 சென்டிமீட்டர் பலகை சுவரில் ஒட்டியிருந்தால் அந்தக் கால் பங்கு ஏறக்குறைய 1700 ஹெர்ட்ஸில் விழும். பின்னால் 12 சென்டிமீட்டர் விட்டால் அதே பலகையின் முகம் 500 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், நம் பேச்சின் நடுப்பகுதிக்கு.

கல்யாண மண்டபத்தில் எதிரொலி தாங்கவில்லை. எத்தனை பலகை வேண்டும்?

இதற்கான கணக்கு 1895-ல் பிறந்தது. ஹார்வர்டில் ஒரு புது அரங்கில் பேச்சே புரியவில்லை என்று, வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்ச்சில் எண்ணினார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். கடைசியில் வந்த சூத்திரம் ஒரு வரிதான்: மண்டபத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் சத்தம் அடங்கும் நேரம்.

20 மீட்டர் நீளம், 12 அகலம், 5 உயரம் என்றால் 1200 கன மீட்டர். டைல்ஸும் பெயிண்டும் மட்டும் இருக்கிற மண்டபத்தில் உறிஞ்சும் பரப்பு 60 சதுர மீட்டர் என்று வைத்தால் நேரம் 3.2 வினாடி. நாதஸ்வரத்துக்கு ஒருவேளை பரவாயில்லை, மைக்கில் வாழ்த்துரைக்கு ஆகாது. 0.6 பங்கு உறிஞ்சும் பலகை 100 சதுர மீட்டர் மாட்டினால் 1.6 வினாடி, சரியாகப் பாதி. முகூர்த்த நேரத்தில் கூட்டமே நல்ல உறிஞ்சி. அதனால் காலி மண்டபத்தில் கைதட்டிப் பார்த்துவிட்டுப் பயந்து ஆர்டர் கொடுக்காதீர்கள்.

முட்டை அட்டை ஒட்டினால் போதாதா?

போதாது.

பக்கத்து வீட்டு டிவி சத்தம் வராமலிருக்க எது நல்லது?

இது வேறு வேலை. உறிஞ்சுவது ஒரு அறைக்குள் நடப்பது, தடுப்பது சுவரின் கனத்தைப் பொறுத்தது. காற்று புகுந்து வெளியே வரும் பொருளில் சத்தமும் புகுந்து வெளியே வரும். இரண்டு பக்கமும் பூசிய வெட்டுக்கல் சுவர் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே பாதி ஜெயித்துவிட்டீர்கள். கதவிடுக்கைப் பாருங்கள்.

கான்கிரீட் தூணில் கிரீஸ் தடவி ஏதோ வைக்கிறீர்களே?

மீயொலித் துடிப்பு வேகச் சோதனை. ஒரு பக்கம் அனுப்பி, மறு பக்கம் வாங்கி. பெரும்பாலும் 54 கிலோஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாது. கிரீஸ் எதற்கென்றால், இடையில் மயிரிழைக் காற்று இருந்தாலும் துடிப்பு அதைத் தாண்டாது. 300 மில்லிமீட்டர் தூணை நல்ல கான்கிரீட்டில் ஏறக்குறைய 75 மைக்ரோவினாடியில் கடந்துவிடும், அதாவது வினாடிக்கு 4 கிலோமீட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை இருந்தால் அலை சுற்றிக்கொண்டு வரும், நேரம் கூடும்.

1992-ல் வந்த ஐ.எஸ். 13311 என்ற இந்தியத் தர விதியின் முதல் பகுதி, வினாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் மிக நன்று, 3.5 முதல் 4.5 நன்று, 3 முதல் 3.5 நடுத்தரம், அதற்குக் கீழே சந்தேகம் என்று பிரித்தது. 2018-ல் இந்தச் சோதனை ஐ.எஸ். 516-இன் ஐந்தாம் பகுதிக்குள் போய்விட்டது. பழைய பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள் புதியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை நானே சறுக்கினேன். இரவெல்லாம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை. காலையில் போய் ஒரு வீட்டின் தூண்களை அளந்தேன். எல்லாம் அருமை. ஈரம் காய்ந்ததும் சந்தேகம் வந்து திரும்ப அளந்தேன், எல்லாத் தூணிலும் வேகம் இறங்கியிருந்தது. துளைகளில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் அலை வேகமாகப் போகும். சில சதவீதம்தான் என்றாலும், எல்லைக் கோட்டில் இருக்கிற தூணை "நன்று" பக்கம் தள்ள அது போதும். இதில் கொடுமை என்னவென்றால், நனைந்த கான்கிரீட்டை நசுக்கிப் பார்த்தால் காய்ந்ததைவிடப் பலம் குறைவாகவே வரும். வேகம் மேலே, பலம் கீழே. அன்று வீட்டுக்காரரிடம் முதல் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன்.

கம்பியும் ஏமாற்றும். இரும்பில் ஒலி 5 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும், அலை கம்பி வழியே குறுக்கு வழி பிடித்து முன்னால் வந்து நிற்கும்.

வெட்டுக்கல்லுக்கும் இதே சோதனை செய்யலாமா?

செய்யலாம், நம்பக் கொஞ்சம் தயங்குவேன். இந்தக் கல்லுக்கு "லேட்டரைட்" என்று பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். கேரளத்தில் அங்காடிப்புரம் பக்கம் பார்த்து, 1807-ல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். லத்தீனில் செங்கல் என்று பொருள். மண்ணிலிருந்து வெட்டும்போது மெத்தென்று இருந்து, வெயிலில் இறுகுவது அதன் குணம்.

சிக்கல் அதன் துளைகள். மணல் அளவுத் துளையும் இருக்கும், சுண்டுவிரல் நுழைகிற புழையும் இருக்கும், சிலவற்றில் களிமண் அடைத்திருக்கும். அலைநீளத்தைவிட துளை ரொம்பச் சிறிதாக இருந்தால்தான் அலைக்கு அது ஒரே சீரான பொருளாகத் தெரியும். சில சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு மணல் துளை ஒன்றுமேயில்லை, விரல் புழையோ சிதறடித்துவிடும். ஒரே கல்லை மூன்று திசையில் அளந்தால் மூன்று வேகம் வரும். ஒற்றப்பாலம் பக்கத்துக் கல்லைக் கொண்டுவந்த ஒரு மேஸ்திரி நான் எழுதிய மூன்று எண்ணையும் பார்த்துவிட்டு, கல்லைப் புரட்டி, "வெட்டின மட்டத்துல வெச்சுக் கட்டணும், இல்லைன்னா தண்ணி குடிக்கும்" என்றார். அதிக வேகம் வந்ததும் அந்த மட்டத்தின் நீளவாக்கில்தான்.

வேகத்தை வைத்துத் துளை எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியுமா?

எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 1956-ல் வைலியும் கூட்டாளிகளும் கொடுத்த விதி: பாறையைக் கடக்கும் நேரம் ஒரு பங்கு, துளையில் உள்ள திரவத்தைக் கடக்கும் நேரம் ஒரு பங்கு, இரண்டையும் கூட்டு. மணற்பாறையின் திடப்பகுதியில் 5500 மீட்டர், தண்ணீரில் 1500, துளை 20 சதவீதம் என்றால், ஒரு மீட்டருக்கு 145-உம் 133-உம் சேர்ந்து ஏறக்குறைய 279 மைக்ரோவினாடி. வேகம் 3590 வாக்கில் வரும்.

இதே கணக்கைக் காய்ந்த செங்கல்லுக்குப் போட்டால் சிரிப்பு வரும். தண்ணீருக்குப் பதில் காற்றின் 343-ஐப் போடுங்கள், வேகம் 1370-க்கு விழும். நிஜத்தில் அப்படி விழாது. அலை காற்றுக்குள் இறங்கித் தடுமாறாமல், திடப்பகுதியைப் பிடித்துக்கொண்டு துளையைச் சுற்றி வந்துவிடும். நீர் நிறைந்த, கெட்டியான பாறைக்குச் சொன்ன விதியை எல்லாத் துளைக்கும் நீட்டக் கூடாது. செங்கல்லில் எவ்வளவு துளை என்று தெரிய வேண்டுமா? 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடை பாருங்கள். எங்களுக்குப் பணம் தர வேண்டாம்.

இரண்டு அலை போகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. உண்மையா?

உண்மை. 1956-ல் மோரிஸ் பையோ கணக்கில் காட்டினார்: திரவம் நிறைந்த துளைப்பொருளில் திடமும் திரவமும் சேர்ந்து ஆடும் வேக அலை ஒன்று, எதிரும் புதிருமாக ஆடும் மெதுவான அலை ஒன்று. இரண்டாவதை யாரும் தெளிவாகப் பார்க்காததால் பலருக்குச் சந்தேகம். 1980-ல் ப்ளோனா கண்ணாடி மணிகளைச் சூடாக்கி ஒட்டவைத்து, தண்ணீரில் மூழ்கடித்து, மீயொலியில் அதைக் காட்டினார். 24 வருடம் ஒரு அலை காகிதத்திலேயே காத்திருந்தது. குதிகால் எலும்பில் மீயொலி விட்டு எலும்புத் தேய்வைப் பார்க்கிறார்களே, அந்த எலும்பின் உட்பகுதியும் மஜ்ஜை நிறைந்த கடற்பஞ்சு மாதிரிதான். அதற்குள் அலை எப்படிப் போகிறது என்று புரிந்துகொள்ளவும் பையோவின் கணக்கை எடுத்து ஆள்கிறார்கள்.

கல்லூரி பிராஜெக்ட்டுக்கு வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். 4 அங்குல பி.வி.சி. குழாய், ஒரு மீட்டருக்குக் குறையாமல். ஒரு முனையில் சின்ன ஸ்பீக்கர், மறு முனையில் மாதிரி, அதன் பின்னால் கனமான கிரானைட் துண்டு. ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு துளை போட்டு, நீளக் கம்பியில் கட்டிய காலர் மைக்கை உள்ளே விடுங்கள். போனில் 500 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு, மைக்கை மெல்ல இழுத்தால் சத்தம் ஏறி இறங்கும். உச்சத்தையும் அடியையும் குறித்துக்கொள்ளுங்கள். உச்சம் அடியைப்போல் மூன்று மடங்கு என்றால், திரும்பிய அலையின் உயரம் பாதி, ஆற்றல் கால் பங்கு, ஆகவே உறிஞ்சியது முக்கால் பங்கு. டெசிபல் காட்டும் ஆப்பில் பார்த்தால் வித்தியாசம் 9.5 இருக்கும். ஆடி மாதத்தில் வெளியே வைத்துச் செய்யாதீர்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் ஊதியே மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

மாதிரி எப்படிக் கொண்டுவர வேண்டும்?

ஒரே பலகையில் மூன்று இடத்திலிருந்து, ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு ஓர் அடி. வட்டமாக வெட்ட வேண்டாம், அந்தப் பாடு எங்களுடையது. எது முன்பக்கம் என்று பேனாவால் குறியுங்கள். இரண்டு நாள் நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் உறையில் கட்டி பைக்கின் பின்னால் மழையில் கொண்டுவந்தால் இங்கே இன்னும் இரண்டு நாள் காயப் போடுவோம். கல் என்றால் எந்த மட்டத்தில் வெட்டினார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டு, மேல்பக்கத்தில் ஒரு அம்புக்குறி.